வீட்டு பைபிள்கள்: எது யாருது, எப்படி வந்துச்சுன்னு எழுதி வச்சு பத்திரப்படுத்துறது எப்படி? முழு வழிகாட்டி

நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) வீட்ல போயி பைபிள் எத்தனை இருக்குன்னு கேட்டா நாலஞ்சு இருக்கும்னு சொல்லுவாங்க, தேடிப் பார்த்தா பதினஞ்சு வரும். திடப்படுத்தலுக்கு (சின்னதுல ஞானஸ்நானம் வாங்கினவங்க வளர்ந்த பிறகு விசுவாசத்த உறுதி பண்ற ஆராதனை) வாங்கினது, கல்யாணத்துல ஐயர் (சபை போதகர்) கைல குடுத்தது, ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) பரிசு, ஸ்கூல்ல கிதியோன்காரங்க (இலவசமா பைபிள் குடுக்குற அமைப்பு) குடுத்த சின்ன புதிய ஏற்பாடு, தாத்தா தலைமாட்டுல இருந்தது, இப்படி. வீடு மாத்தும்போதோ பெரியவங்க தவறின பிறகோதான் இதையெல்லாம் எடுத்து வச்சு உட்காருவோம், அந்த அவசரத்துலதான் பாதி விஷயம் கை நழுவிப் போகும்.

எங்க வீட்லயும் சொந்தக்காரங்க சிலபேர் வீட்லயும் இந்த வேலைய பண்ணியிருக்கேன். புதுசா பண்றவங்க எல்லாரும் தடுக்குற இடம் ஒண்ணுதான், தூசி தட்டுறதுல ஆரம்பிப்பாங்க. அது எட்டாவது வேலை. கீழ இருக்கிற வரிசைய மாத்தாதீங்க, ஏன்னு அங்கங்க சொல்றேன்.

1. மொதல்ல கைல இருக்க வேண்டியது

ஒரு நீளமான நோட்டு, 2பி பென்சில் ரெண்டு, மெல்லிசா வெட்டின வெள்ளை பேப்பர் துண்டு நிறைய, காகித கவர் ஒரு கட்டு, மெத்துன்னு ஒரு பெயிண்ட் பிரஷ் (புதுசு, பெயிண்ட் தொடாதது), சார்ஜ் ஏத்தின போன். ஒரு வெள்ளை பெட்ஷீட்டும் வேணும். பழைய பைபிள்ல இருந்து விழுற துண்டு பேப்பரும் பூச்சி எச்சமும் வெள்ளை துணில தான் கண்ணுக்கு தெரியும்.

பேனா அந்த மேஜை பக்கமே வரக்கூடாது. பைபிள் பேப்பர் ரொம்ப மெல்லிசு, மை அந்தப் பக்கம் தெரியும், அழிக்கவும் முடியாது. ஸ்டிக்கரும் செல்லோடேப்பும் அப்படித்தான், கொஞ்ச வருஷத்துல பசை பழுப்பாகி எழுத்தையே தின்னுடும்.

2. எல்லாத்தையும் ஒரே இடத்துக்கு கொண்டு வாங்க

ஷெல்ஃப்ல இருக்கிறத மட்டும் எண்ணிட்டு முடிச்சிடாதீங்க. தலையணைக்கு கீழ, பிள்ளை தொட்டில்ல, பீரோல பத்திரம் வைக்கிற தட்டுல, கார் டேஷ்போர்டுல, கடை கல்லாப்பெட்டில, பரண்ல ட்ரங்க் பெட்டில, ஆச்சியோட ஆலயத்துக்கு போற பைல, எல்லா இடத்துலயும் பாருங்க. கீர்த்தனை புத்தகம், ஜெபப்புத்தகம் கூட இருந்தா அதையும் எடுத்துக்கோங்க, குடும்ப விவரத்த பைபிள்ல எழுதாம அதுல எழுதி வச்ச வீடும் உண்டு.

எடுக்கும்போதே எங்க இருந்துச்சுன்னு ஒரு துண்டுல எழுதி மேல சொருகிடுங்க. தொட்டில்ல இருந்தது யாருக்காக வாங்கினதுன்னு பின்னாடி கண்டுபிடிக்க அந்த ஒரு வரி போதும். அது இல்லாம மேஜைல குவிச்சிட்டா எல்லாமே கருப்பு அட்டை போட்ட புத்தகம்தான், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியாது.

இப்ப ஒருத்தர் தினமும் வாசிச்சிட்டு இருக்கிற பைபிள வாங்காதீங்க. அத அவங்க கூட உட்கார்ந்து, அவங்க முன்னாடியே பாருங்க, அஞ்சு நிமிஷத்துல திருப்பி குடுத்துடுங்க.

3. நம்பர் போட்டு, போட்டோ எடுங்க

பின் அட்டையோட உள்பக்கம் கீழ் மூலைல பென்சில்ல சின்னதா நம்பர். முன்பக்கம் வேண்டாம், அங்கதான் பழைய கையெழுத்து இருக்கும்.

போட்டோ இந்த வரிசைல: முன் அட்டை, முதுகு, மூடின நிலைல பக்க ஓரம், முன் அட்டை உள்பக்கம், அதுக்கப்புறம் வர்ற வெறும் பக்கங்கள், தலைப்பு பக்கம், அதோட பின்பக்கம், பழைய ஏற்பாடு முடிஞ்சு புதிய ஏற்பாடு ஆரம்பிக்கிற இடம், கடைசி வெறும் பக்கம், பின் அட்டை உள்பக்கம். நடுவுல புதிய ஏற்பாடு ஆரம்பிக்கிற இடத்த நிறைய பேர் விட்டுடுறாங்க. சில பதிப்புல பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதுறதுக்குன்னு கோடு போட்ட பக்கம் அங்க வரும், அப்படி பக்கம் இல்லன்னாலும் வெறுமையா இருக்கிற இடத்த பார்த்து எழுதி வச்சிருப்பாங்க.

பக்க ஓரத்த ஏன் எடுக்க சொல்றேன்னா, மூடின பைபிள ஓரத்துல இருந்து பார்த்தா நடுவுல ஒரு இடம் மட்டும் கருத்து, எண்ணெய் பட்ட மாதிரி இருக்கும். அது சங்கீதம். விரல் பட்டு பட்டு ஆனது. எங்க ஆச்சியோடதுல அதுக்கு கொஞ்சம் தள்ளி மெல்லிசா இன்னொரு கோடும் உண்டு, ஏசாயா நாற்பதுக்கு மேல. இத துடைச்சு எடுத்துட்டா அவங்க எத வாசிச்சாங்கங்கிற ஆதாரமே போயிடும், அதனாலதான் சுத்தம் எட்டாவது.

4. உள்ள இருக்கிற சாமான உதறி எடுக்காதீங்க

பைபிள கவுத்துப் பிடிச்சு உதறுறது, இதவிட பெரிய நஷ்டம் இந்த வேலைல கிடையாது. உள்ள என்னெல்லாம் வரும்னு பாருங்க: டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல எடுத்த வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்குன்னு எடுக்குற வசன அட்டை), அடக்க ஆராதனை அட்டை, கல்யாண பத்திரிகை, மடிச்ச இன்லாண்ட் லெட்டர், மணியார்டர் துண்டு, குருத்தோலைல செஞ்ச சிலுவை, காஞ்ச பூ, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காணிக்கை கவர், சிலசமயம் ஒத்தை ரூபா நோட்டு. இது ஒவ்வொண்ணும் ஒரு பக்கத்துல இருக்கு, அந்தப் பக்கத்துல இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

பெட்ஷீட் மேல வச்சு முதல் பக்கத்துல இருந்து மெதுவா திருப்புங்க. சாமான் வர்ற இடத்துல நிறுத்தி, அது இருக்கிறபடியே, அதிகாரமும் வசன நம்பரும் தெரியிற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம் எடுத்து, பின்பக்கமும் போட்டோ எடுத்து, காகித கவர்ல போட்டு, கவர் மேல "7 – சங்கீதம் 91" இப்படி எழுதுங்க. அந்த இடத்துல ஒரு வெள்ளை துண்டு சொருகி விடுங்க.

திருப்பி உள்ளயே வைக்கலாமா? பேப்பரா இருந்தா வைக்கலாம். காஞ்ச பூ, ஓலை, போட்டோ, ஊசி, க்ளிப் வேண்டாம். பூ பக்கத்த கறையாக்கும், க்ளிப் துரு பிடிக்கும், போட்டோ மழைக்காலத்துல பக்கத்தோட ஒட்டிக்கும். ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, ஒட்டினபடியே போட்டோ எடுத்துட்டு விட்டுடுங்க.

5. முதல் பக்க கையெழுத்த அப்படியே எழுதிக்கோங்க

எழுத்துப் பிழையோட, ஊர் பேர் பழைய எழுத்துல இருக்கிறபடியே நோட்டுல எழுதுங்க. திருத்தி எழுதினா பின்னாடி யாரு எழுதினதுன்னு ஒப்பிட முடியாது.

பழைய கையெழுத்துல தேதி "1938௵ ஏப்ரல்௴ 17௳" மாதிரி இருக்கும், ௵ வருஷம், ௴ மாசம், ௳ நாள். இது தெரியாம நிறைய பேர் ஏதோ கிறுக்கல்னு விட்டுடுறாங்க. தேதி கிடைச்சதும் போன் காலண்டர்ல கிழமை பாருங்க. திடப்படுத்தல், ஓய்வுநாள் பள்ளி பரிசெல்லாம் பெரும்பாலும் ஞாயிறாதான் வரும், மேல சொன்ன 1938 ஏப்ரல் 17 ஈஸ்டர் ஞாயிறு. கிழமை ஒத்து வரலன்னா 1ஐயும் 7ஐயும் மாத்தி படிச்சிருக்கீங்களான்னு திரும்ப பாருங்க.

மங்கின பென்சில் எழுத்துக்கு, ரூம் லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச பக்கவாட்டுல தாழ்வா பிடிங்க, அழுத்தி எழுதின பள்ளம் நிழலா தெரியும். மங்கின மைக்கு போட்டோவ கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட் ஏத்துங்க. எலுமிச்சம் சாறு தடவுனா எழுத்து தெரியும்னு ஒரு பேச்சு உண்டு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

பிறந்த தேதி பைபிள்ல ஒண்ணு, ஞானஸ்நான சர்டிபிகேட்ல ஒண்ணு, ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒண்ணுன்னு மூணு வரும். மூணையும் எழுதுங்க, எத நம்புறதுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. சபை பதிவேட்ட பார்க்கணும்னா வருஷமும் அப்பா பேரும் எழுதிட்டுப் போனா தேடிக் குடுக்குறவருக்கு வேலை சுலபம்.

6. எந்த பதிப்பு, எந்த காலம்னு கண்டுபிடிக்கிறது

தலைப்பு பக்கம் இருந்தா பிரச்சனை இல்ல, அதோட பின்பக்கம் சின்ன எழுத்துல அச்சடிச்ச வருஷம் பெரும்பாலும் இருக்கும். ஆனா பழைய பைபிள்ல மொதல்ல கிழியறதே அந்தப் பக்கம்தான்.

அப்ப ஆதியாகமம் முதல் வரிய பாருங்க. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்"னு இருந்தா அது நம்ம ஆலயத்துல வாசிக்கிற பழைய திருப்புதல், ஹென்றி பவர் ஐயர் தலைமைல 1871ல முழுசா வெளிவந்த மொழிபெயர்ப்பு வழி வந்தது. "தொடக்கத்தில் கடவுள்"னு ஆரம்பிச்சு "விண்ணுலகு, மண்ணுலகு"ன்னு போனா அது 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். ஆர்.சி. வீட்ல சம்பந்தம் பண்ணியிருந்தா ரெண்டும் இருக்கும், அதுல பொருளடக்கத்த எண்ணிப் பாருங்க, கத்தோலிக்க பதிப்புல 73 புத்தகம், நம்மளதுல 66.

அச்சடிச்ச பைபிள் சங்கத்தோட பேரும் காலத்த சொல்லும். "பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி" மட்டும் போட்டிருந்தா பழசு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து தனி சங்கம் 1944ல தான் வந்துச்சு, அதனால அந்தப் பேர் இருந்தா அதுக்குப் பிந்தினது.

எனக்கு அதிகமா உதவினது கடைக்காரன் போட்ட சீலும் பென்சில் விலையும். அணால விலை இருந்தா பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னாடி. "ந.பை." (நயா பைசா)ன்னு இருந்தா அதுல இருந்து ஏழெட்டு வருஷத்துக்குள்ள. சீல்ல ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். நாகர்கோவில் கடை சீல்ல திருவிதாங்கூர்னு இருந்தா பெரும்பாலும் 1956 நவம்பருக்கு முன்னாடி, அப்பதான் கன்னியாகுமரி மாவட்டம் நம்ம மாநிலத்தோட சேர்ந்தது. பரிசு லேபிள்ல தென்னிந்திய திருச்சபைன்னு அச்சடிச்சிருந்தா 1947 செப்டம்பருக்கு அப்புறம், அதுக்கு முன்னாடின்னா எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ்., எல்.எம்.எஸ். இப்படி மிஷன் பேர்தான் பெரும்பாலும் இருக்கும்.

யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய "லை, னை" இருந்தா உடனே 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முன்னாடின்னு எழுதிடாதீங்க. அரசாணை வந்த அன்னிக்கே எல்லா அச்சகமும் மாத்திடல. மத்த அடையாளத்தோட சேர்த்துதான் அத பார்க்கணும்.

இங்கிலீஷ் பைபிள்ல ஜேம்ஸ் ராஜாவுக்கு எழுதின சமர்ப்பணத்தையும் 1611ங்கிற வருஷத்தையும் பார்த்துட்டு நானூறு வருஷ புத்தகம், கோடி ரூபா போகும்னு குதிக்கிறவங்க ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒருத்தர் உண்டு. அது மொழிபெயர்ப்பு வந்த வருஷம், அந்த சமர்ப்பணம் போன வருஷம் அடிச்ச புத்தகத்துலயும் இருக்கும்.

நெஜமாவே 1850க்கு முந்தினதுன்னு தோணுச்சுன்னா, அதுல சுத்தமோ ரிப்பேரோ எதுவும் பண்ணாம நிறுத்திடுங்க. பெங்களூர் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ், சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி மாதிரி இடங்கள்ல பழைய ஆவணம் பார்க்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க, போன்ல கேட்டுட்டு போட்டோ அனுப்புங்க.

7. பெரியவங்ககிட்ட உட்காருங்க

இத ஆறு வேலைக்கு அப்புறம் வச்சதுக்கு காரணம் இருக்கு. வெறும் கையோட போய் "ஆச்சி, நம்ம வீட்டு பைபிள் பத்தி சொல்லுங்க"ன்னா "அதுல என்ன இருக்கு மக்கா, எல்லாம் பழசு"ம்பாங்க. புத்தகத்த கைல குடுத்து, கவர்ல எடுத்து வச்ச சாமான முன்னாடி பரப்பி, "இந்த மணியார்டர் துண்டு ஏன் யோசுவாக்குள்ள இருந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க.

முக்கியமா கோடு போட்ட வசனம். எல்லா கோட்டையும் எழுத உட்காராதீங்க, தீராது. பக்கத்துல தேதியோ பேரோ இருக்கிறத மட்டும் எடுங்க. சங்கீதம் 91 ஓரத்துல "ஆப்ரேஷன்", சங்கீதம் 121 ஓரத்துல மகன் கப்பல்ல போன தேதி, எரேமியா 29:11 பக்கத்துல பிள்ளையோட பிளஸ் டூ பரீட்சை நம்பர், இப்படி இருக்கும். யாருக்கு ஆப்ரேஷன், எந்த ஆஸ்பத்திரி, பிழைச்சாங்களான்னு கேட்டு எழுதுங்க. இது எந்த பதிவேட்டுலயும் கிடையாது, அவங்க இருக்கிற வரைக்கும்தான்.

போன்ல ரெக்கார்ட் போடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டு போடுங்க. ஒரு நேரத்துல ரெண்டு மூணு புத்தகத்துக்கு மேல வேண்டாம், அவங்களும் களைச்சுப் போவாங்க, நீங்களும் எது எதுக்குன்னு குழம்பிடுவீங்க. அத்தை ஒண்ணு சொல்லி சித்தப்பா வேற சொன்னா ரெண்டையும் பேர் போட்டு எழுதிக்கோங்க, அங்கயே பஞ்சாயத்து பண்ண வேண்டாம்.

சில பக்கம் அவங்க காட்ட விரும்ப மாட்டாங்க. கடன், பிள்ளைங்க சண்டை, குடிய விட ஜெபம் பண்ணினது, எல்லாம் ஓரத்துல எழுதியிருப்பாங்க. "இத எழுதாத"ன்னு சொன்னா எழுதாதீங்க, போட்டோவையும் அழிச்சிடுங்க.

8. இப்பதான் சுத்தம்

காஞ்ச பிரஷ் மட்டும். முதுகுப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, மேல் ஓரத்துல ஆரம்பிச்சு தள்ளுங்க. ஈரத்துணி, சானிடைசர், தேங்கா எண்ணெய் (தோல் அட்டை மினுமினுங்கும்னு தடவுறாங்க, அப்புறம் அது பக்கத்துக்கெல்லாம் ஊறும்) எதுவும் கூடாது. நனைஞ்சிருந்தா வெயில்ல விரிக்காதீங்க, பேப்பர் சுருண்டு மஞ்சளாகும், ஃபேன் காத்துல நிக்க வச்சு காய விடுங்க.

வெள்ளி மாதிரி ஓடுற ராமபாணப் பூச்சியோ ஓட்டை போடுற புழுவோ இருந்தா அந்த புத்தகத்த மட்டும் ஜிப் கவர்ல காத்த வெளியேத்தி மூடி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் கவர பிரிக்காம ஒரு நாள் முழுசா விடணும், உடனே பிரிச்சா குளிர்ந்த பேப்பர்ல தண்ணி கோத்துக்கும். போட்டோ ஒட்டியிருக்கிற புத்தகத்துக்கு இது வேண்டாம். கரையான் வந்திருந்தா புத்தகத்த பாக்குறதோட நிக்காதீங்க, அலமாரி சுவத்த பாருங்க.

9. பைண்டிங் கடைக்கு குடுக்குறதுன்னா

எல்லாத்துக்கும் வேண்டாம். தளர்ந்து போனத பருத்தி நாடால நாலாபக்கமும் கட்டி வச்சாலே நிறைய வருஷம் இருக்கும். கழண்ட பக்கத்த அதோட இடத்துல சொருகிடுங்க.

தினமும் வாசிக்கிற பைபிள்னா பைண்டிங் பண்ணித்தான் ஆகணும். பைண்டர்கிட்ட மூணு விஷயம் சொல்லிட்டு, அத ஒரு பேப்பர்லயும் எழுதி புத்தகத்துக்குள்ள வைங்க. ஓரத்த மிஷின்ல வெட்டக்கூடாது. பக்கவாட்டுல துளை போட்டு தைக்கக்கூடாது, மடிப்புல தான் தைக்கணும். பழைய அட்டையும் முன் வெறும் பக்கமும் திரும்ப வேணும். இத சொல்லலன்னா கடைக்காரர் நல்ல எண்ணத்துலயே ஓரத்த பளிச்சுன்னு வெட்டி, ஓரத்துல எழுதின தேதியெல்லாம் குப்பைக்கு போயிருக்கும், பழைய அட்டைய தூக்கிப் போட்டு புது ரெக்சின் போட்டுக் குடுப்பார். பக்கவாட்டு தையல் போட்டா உள் ஓரத்து எழுத்து தையலுக்குள்ள போயிடும், புத்தகமும் விரியாது, விரிச்சா உடையும்.

10. வைக்கிற இடம்

வெளி சுவத்த ஒட்டின அலமாரி, சமையல்கட்டுக்கு பக்கம், கீழ்த்தட்டு, பிளாஸ்டிக் கவர் இந்த நாலும் வேண்டாம், எல்லாமே ஈரத்த பிடிச்சு வைக்கும். பெரிய குடும்ப பைபிள படுக்க வச்சு வைங்க, நிக்க வச்சா உள்பக்கம் கனத்துல அட்டைய விட்டு தொங்கிடும். காஞ்ச வேப்பிலைய துணில முடிஞ்சு பக்கத்துல போடலாம், பக்கத்துக்குள்ள போடாதீங்க. மழைக்காலம் முடிஞ்சதும் ஒருதடவ எடுத்து ஃபேன் காத்துல புரட்டிட்டு வைங்க.

11. யாருக்கு எதுன்னு பிரிக்கிறது

பட்டியலும் போட்டோவும் குடும்பத்துல எல்லாருக்கும் போய் சேர்ந்த பிறகுதான் இந்த பேச்சையே எடுக்கணும். எல்லா போட்டோவும் எல்லார்கிட்டயும் இருந்தா புத்தகம் யார் வீட்ல இருக்குங்கிறதுல சண்டை பாதியா குறையும், இத நான் கண்ணால பார்த்திருக்கேன்.

பேர் எழுதி குடுத்த பைபிள் அந்தப் பேருக்காரங்களுக்கு, அவங்க இல்லன்னா அவங்க பிள்ளைங்களுக்கு. குடும்ப விவரம் எழுதினது பிரச்சனை புத்தகம், எல்லாரும் கேப்பாங்க. அத பெரிய மகனுக்குன்னு கண்ண மூடிட்டு குடுக்காம, இனி வர்ற பிறப்பு, கல்யாணம், இறப்ப யாரு கேட்டு எழுதுவாங்களோ அவங்க கைல குடுங்க. நான் பார்த்த வரைக்கும் அது பெரும்பாலும் ஒரு அத்தையாதான் இருப்பாங்க.

சில வீட்ல பெரியவங்களோட பைபிள பெட்டிலயே கூட வச்சு அடக்கம் பண்ணுவாங்க. அது அவங்க விருப்பமா இருந்தா யாரும் தடுக்க வேண்டாம். ஆனா அந்த நேரத்துல யாருக்கும் போட்டோ எடுக்கணும்னு தோணாது, சில மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிடும். அதனால எழுபது தாண்டினவங்க பைபிளுக்கு மூணாவது, அஞ்சாவது வேலைய மத்ததுக்கு முன்னாடி முடிச்சிடுங்க.

12. இனி தேறாதுன்னு ஆனது

கரையான் அரிச்சு பொடியானத பழைய பேப்பர் கடைக்கு போட மனசு வராது, வீட்ல வச்சா மத்ததுக்கும் பரவும். மொதல்ல கையெழுத்து இருக்கிற பக்கத்த மட்டும் பத்திரமா பிரிச்சு, பூச்சி இல்லன்னு பார்த்து, கவர்ல போட்டு நம்பர் எழுதிக்கோங்க. மிச்சத்த வெள்ளைத் துணில சுத்தி தோட்டத்துலயோ, ஐயர்கிட்ட கேட்டுட்டு ஆலய வளாகத்துலயோ புதைக்கிறது நம்ம பக்கத்து வழக்கம்.

நல்ல நிலைல இருந்து, யாரு பேரும் இல்லாம, ஒரே பதிப்பு மூணு நாலு இருந்தா அத ஹாஸ்டலுக்கோ முதியோர் இல்லத்துக்கோ குடுங்க. குடுக்குறதுக்கு முன்னாடி கடைசியா ஒருதடவ நடுப்பக்கத்த, பின் அட்டைய புரட்டிப் பாருங்க, நோட்டுல அந்த நம்பருக்கு நேரா எங்க குடுத்தீங்க, எப்ப குடுத்தீங்கன்னு எழுதிடுங்க. இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சு பதினொண்ணாம் நம்பர் எங்க போச்சுன்னு வீடு முழுக்க தேடுவீங்க.